ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்

மண்டபத்தில் வீடு என்றதுமே வெளியூர்க்காரர்களுக்குப் பொறாமை வந்துவிடுகிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. "காத்து பிச்சுக்கிட்டு வருமே, உங்களுக்கு ஃபேனே வேணாமே" என்கிறார்கள். வாஸ்தவம்தான். இந்த ஊரில் காற்றே நுழையாதபடி ஒரு வீடு கட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. நான் கட்டியிருக்கிறேன்.

கொத்தனார் அப்போதே சொன்னார்: "சார், சோழகக் காத்து இந்தப் பக்கந்தான் வரும். தெக்க ரெண்டு சன்னலாச்சும் விடுங்க." நான் சிரித்துக்கொண்டே, "ஏசி போடப்போறோம்ணே" என்றேன். தெற்குச் சுவர் முழுக்க வார்ட்ரோப் ஆனது. காற்று வரவேண்டிய இடத்தில் இப்போது என் கல்யாணக் கோட்டு தொங்குகிறது.

ஏசி வந்தது. 18-இல் வைத்தால் ரூம் சீக்கிரம் குளிரும் என்பது என் திடமான நம்பிக்கை. சாதாரண ஏசிக்கு 18-உம் ஒன்றுதான், 24-உம் ஒன்றுதான். ஒரே வேகத்தில்தான் ஓடும், எப்போது நிற்கும் என்பதில்தான் வித்தியாசம். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. 2020 முதல் ஸ்டார் போட்ட ரூம் ஏசிகள் 24-இல் செட் செய்யப்பட்டே வருகின்றன. அதையும் நான்தான் மெனக்கெட்டு 18-க்கு இறக்கினேன். இறக்கிவிட்டுக் கம்பளி தேடினேன்.

பிறகு பில் வந்தது. நம் ஊர்க் கணக்கு உங்களுக்குத் தெரியும்: இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங், முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால்தான் வினை. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501-க்கு 1,958. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! 8 ரூபாய் அதற்கு. மீதி 225, நடுவில் கிடைத்துவந்த சலுகை பறிபோனதற்கு. பிறகு கட்டணம் ஏறினாலும் இந்தப் பள்ளம் தூரவில்லை. கடைசி வாரம் எப்படியாவது 500-க்குள் நிறுத்திவிட வேண்டும் என்று இரவில் ஃபிரிட்ஜை அணைத்தேன். யூனிட் தப்பித்தது. உள்ளே இருந்த கணவாய் தப்பிக்கவில்லை.

அப்போதுதான் பரமக்குடியிலிருந்து மச்சான் போன் செய்தார். "மச்சான், ஏசியெல்லாம் வேஸ்ட்டு. கூலர் வாங்குங்க, ஃபேன் இழுக்குற கரண்டை விடக் கொஞ்சந்தான் கூட இழுக்கும்." அவர் வீட்டில் அது ஜிலுஜிலு என்று வேலை செய்வதை நானே பார்த்திருக்கிறேன். வாங்கினேன். குளிர்ச்சி வெளியே போய்விடக் கூடாதே என்று கதவு ஜன்னலையெல்லாம் சாத்தினேன். அரை மணி நேரத்தில் குடும்பத்தோடு இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்திருந்தோம்.

தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டை எடுத்துக்கொள்ளும்; கூலரின் மொத்த வித்தையே அதுதான். அதற்குக் காற்று காய்ந்திருக்க வேண்டும். பரமக்குடிக் காற்று காய்ந்தது. மண்டபத்துக் காற்று கடலில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருவது. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் இதைப் புத்தகத்தை எடுத்துவந்து விளக்கினாள். கூலர் வாங்கிய மறுநாள்.

அடுத்து பிஎல்டிசி ஃபேன். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட்டில் சுற்றும். உண்மையிலேயே நல்ல சாமான். என் பட்டியலில் உருப்படியான ஒரே ஐட்டம். அதனாலேயே, "மிச்சம் பிடிக்கிற ஃபேன்தானே" என்று ஆளில்லாத ரூமிலும் பகலெல்லாம் ஓடவிட்டேன். மிச்சம் பிடித்ததெல்லாம் காலி நாற்காலிக்கு விசிறியதில் போனது.

இதற்குள் ஏசி நின்றது. அவுட்டோர் யூனிட்டை, நல்லாக் காற்றுப் படட்டும் என்று கடல் பார்த்த சுவரில் மாட்டச் சொன்னவன் நான். திறந்து பார்த்த மெக்கானிக் ஃபின்னில் விரலை வைத்தார். அது பொலபொலவென்று உதிர்ந்தது. "உப்புக் காத்துண்ணே. கோட்டிங் போட்டதா பாத்து வாங்கலையா?" என்றார். வாங்கும்போது கலரைத்தான் பார்த்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

கடைசியாக சோலார். இதே மாவட்டத்துக் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்துவிட்டது. வீட்டு மாடிக்கு 2024-இல் மத்திய அரசுத் திட்டமும் வந்தது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். அளவெடுக்க வந்த தம்பி மொட்டைமாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நிழல் விழாத இடம் இந்த ஒண்ணுதான் சார், ஆனா இங்க தகரக் கொட்டகை இருக்கே, உள்ள என்ன வச்சிருக்கீங்க?" என்றார். கூலர் வைத்திருந்தேன்.

ஆனாலும் போன கோடையில் ஒரு பில் 300 யூனிட்டைத் தொடவில்லை. தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் போனை நீட்டிக் காட்டினேன். இரண்டு பேர் என்னிடம் டிப்ஸ்கூடக் கேட்டார்கள், கொடுத்தேன். மனைவிதான், "ஏங்க, லீவு பூரா நாம பரமக்குடியிலதானே கிடந்தோம்" என்றாள்.

மச்சான் வீட்டு பில் எவ்வளவு வந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் அதற்குப் பிறகு போன் செய்யவில்லை.