முறை மாமா

மூவாரில் ஒரு தமிழ்க் கல்யாணம் சட்டப்படி செல்லப் பதிவு இலாகாவின் முத்திரை போதும். ஊர்ப்படி செல்ல முறை மாமா தலையாட்ட வேண்டும். இரண்டில் முத்திரைதான் சுலபமாகக் கிடைக்கும்.

அவர் பெண் வீட்டுக்கும் மாமா இல்லை, மாப்பிள்ளை வீட்டுக்கும் மாமா இல்லை. எந்த வழியில் சொந்தம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் லானட்ரோன் தோட்டத்து லயத்திலிருந்து ஆரம்பித்து, யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள், யார் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஏமாற்றினார்கள் என்று மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இழுத்துவிடுவார் என்ற பயம்தான். அரசாங்க இலாகா ஒன்றில் முப்பது வருஷம் யாரோ போட்ட விதிகளை அமல்படுத்தியவர். இப்போது தாமான் வீட்டில் உட்கார்ந்துகொண்டு தானே விதி போடுகிறார். ஓய்வூதியத்தைவிட அதில்தான் அவருக்குத் தெம்பு.

கல்யாணத்தன்று அவரைக் கண்டுபிடிப்பது எளிது. வெள்ளை வேட்டி, வெள்ளை ஜிப்பா, உள்ளே மூன்று பை வைத்த பச்சை பெல்ட். முதல் பையில் குருக்கள் மறந்த சாமான்: கற்பூரம், லைட்டர், மஞ்சள் தடவிய நூல். இரண்டாவதில் பெண் வீட்டார் மறந்த சாமான்: கொட்டைப்பாக்கு, ஊக்கு, ஒரு ஜோடி மெட்டி. அந்த மெட்டி எந்த விரலுக்கும் சேரும்படி வாய் திறந்திருக்கும். மூன்றாவதில் சலவை நோட்டாக ஒரு வெள்ளிக் கட்டு. யாராவது ஐம்பதோ நூறோ மொய்க் கவரில் வைப்பதைப் பார்த்துவிட்டால் கை தானாகப் பெல்ட்டுக்குப் போகும். "ஒத்தைப்படையா இருக்கணும் தம்பி. பழைய ஒரு வெள்ளி இருந்தா கொடு, புதுசு தர்றேன்."

முன்பெல்லாம் அந்த ஒன்றுக்கு நாணயம் இருந்தது. 2005 டிசம்பரில் ஒரு வெள்ளி நாணயம் இனிச் செல்லாது என்று பேங்க் நெகாரா நிறுத்தியபோது மாமா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் 'காகிதமும் லட்சுமிதான்' என்று தீர்ப்பு வந்தது. இப்போது மண்டப வாசலிலேயே கியூஆர் அட்டை வைத்துவிட்டார்கள். அதற்கும் தீர்ப்பு உண்டு: "நூறை போன்ல அனுப்பிக்கோ. அந்த ஒண்ணை மட்டும் கையில கொடு. தொட்டுக் கொடுத்தாத்தான் மொய்."

மாமாவுக்கு எந்த வருஷத்தின் மீதாவது கோபம் உண்டென்றால் அது 1982. ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். மார்ச் முதல் தேதி முஸ்லிம் அல்லாதோர் திருமணச் சட்டம் அமலுக்கு வந்தது. தாலி கட்டியதும் முடிந்துபோன கல்யாணம், அன்று முதல் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும் என்றானது. இரண்டே மாதத்தில் முகூர்த்தமும் போச்சு, மாங்கல்யத்தின் அதிகாரமும் போச்சு என்று இன்றைக்கும் நேற்று நடந்ததுபோலப் பொருமுவார்.

கடிகார விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. தினசரி நாட்காட்டி போடும் ராகுகாலம் காலை ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு. மூவாரில் ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது. அப்படியானால் திங்கட்கிழமை ஏழரை ராகு எட்டரைக்கல்லவா வர வேண்டும்? "மந்திரி கடிகாரத்தைத் தள்ளலாம். ராகுவைத் தள்ள முடியுமா?" என்பார். குருக்களால் பதில் சொல்ல முடியாது. ஆகவே மாமா வீட்டுச் சாமியறைக் கடிகாரம் மட்டும் இன்னும் 1981இலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்து முகூர்த்தம் குறிப்பார், கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கல்யாணம் நடத்துவார். சிங்கப்பூரிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டார் கடற்பாலத்தில் மாட்டிக்கொண்டு நேரம் தவறினால் மண்டபமே பதறும். மாமா பதற மாட்டார். "சாமியறைக் கணக்குப்படி இன்னும் அரை மணி இருக்கு. எல்லாரும் கோப்பி குடிங்க."

சட்ட விஷயத்திலும் வழி வைத்திருக்கிறார். இந்தக் காலப் பிள்ளைகள் வீட்டுக்கடன், வேலை என்று ஏதோ காரணத்துக்காகத் தாலிக்கு ஆறு மாதம் முன்னாலேயே பதிவு செய்துவிடுகிறார்கள். சர்க்கார் கணக்கில் புருஷன் பெண்டாட்டி, மாமா கணக்கில் இன்னும் நிச்சயம் செய்த பிள்ளைகள். "கையெழுத்து கணக்கு, தாலி கல்யாணம்" என்று இரண்டையும் பிரித்துவிட்டார். ஆனாலும் கையெழுத்துப் போடும் பேனாவின் முனையில் துளி மஞ்சள் இருக்க வேண்டும். பதிவு இலாகாவின் முகப்பில் இருக்கும் மலாய் அம்மணி ஒருவர் இப்போது தமிழ்ப் பிள்ளைகளைப் பார்த்ததும் அவரே கேட்கிறாராம், "குன்யிட் போட்டாச்சா?" என்று.

2014இல் அடுத்த சோதனை வந்தது. மூவார் இருக்கும் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனி என்றாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். ஆனால் சிங்கப்பூர்ச் சொந்தத்துக்கும் கோலாலம்பூர்ச் சொந்தத்துக்கும் சனி, ஞாயிறுதான் லீவு. எல்லாருக்கும் பொதுவாக மிஞ்சியது சனி. மங்கல காரியத்துக்குச் சனியா என்று பெண்ணைப் பெற்றவர்கள் கையைப் பிசைந்தார்கள். மாமா ஒரு வாரம் பஞ்சாங்கத்தோடு கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்து, "வளர்பிறைச் சனிக்குத் தோஷம் கிடையாது" என்றார். எந்த நூலில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் அவசரம் அவர்களுக்கு. பதினோரு வருஷம் சனிக்கிழமைக் கல்யாணங்களை முன்னால் நின்று நடத்திவைத்தார். 2025 ஜனவரியில் விடுமுறை மறுபடி சனி, ஞாயிறுக்கே திரும்பியது. அந்த மாதமே யாரோ சனிக்கிழமைக்குத் தேதி கேட்டு வந்தார்கள். மாமா நெற்றியைச் சுருக்கினார். "சனிக்கிழமையா? நம்ம வழக்கத்துலேயே இல்லையேம்மா!"

பந்தக்காலுக்கு வருவோம். தாமான் வீட்டு வாசல் முழுக்க சிமென்ட். குழி தோண்டினால் வீட்டுக்காரர் விரட்டுவார். மாமா வழக்கப்படி ஒரு பெரிய பெயிண்ட் வாளியில் மணல் நிரப்பி, மூங்கிலை நட்டு, மாவிலையும் நவதானிய முடிச்சும் கட்டி, வாளிக்கு மஞ்சள் துணி சுற்றிவிடுவார். துணி கொஞ்சம் விலகினால் 'மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும்' என்ற எழுத்துத் தெரியும். "கல்யாணத்துக்கு வேற என்ன வாழ்த்து வேணும்?" என்பார்.

பந்தக்கால் ஊன்றிய பிறகு வீட்டில் கவுச்சி ஆகாது. ஆனால் இது மூவார். காலைப் பசியாறலுக்கே சத்தே சாப்பிடும் ஊர். வெளியூரிலிருந்து வந்த மாப்பிள்ளையின் நண்பர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் இட்லி சாப்பிடுவார்கள்? மாமாவிடம் தூது போனார்கள். அவர் ஆற்றைக் காட்டினார். மூவார் ஆற்றுக்கு அந்தக் கரை 2008இல் லேடாங் என்று தனி மாவட்டமாகிவிட்டது, இப்போது அதற்குத் தங்காக் என்று பெயர். "நம்ம விரதம் நம்ம மாவட்டத்தோட சரி. பாலத்தைத் தாண்டினா கணக்கில்லை. குளிச்சிட்டு வாங்க." மாவட்டத்தைப் பிரித்த அரசாங்கத்துக்கு இப்படி ஒரு பயன் இருப்பது இன்றுவரை தெரியாது.

பெண்கள் விஷயத்தில் இன்னும் தாராளம். இப்போது நலங்கு வைக்கச் சொன்னால் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். அதையே 'ஹல்தி' என்றால் மஞ்சள் உடை, மஞ்சள் பலூன், இந்திப் பாட்டு என்று ஆயிரம் வெள்ளி செலவழிக்கிறார்கள். மாமா ஒரு ஓரமாக நின்று பார்த்தார். மஞ்சள் இருந்தது, சந்தனம் இருந்தது, அத்தைமார் வரிசையாக வந்து பூசினார்கள். "நம்ம நலங்குதான். வடக்கே கடன் வாங்கிட்டுப் போனவங்க இப்பத்தான் திருப்பிக் கொடுக்கிறாங்க" என்று அனுமதித்துவிட்டார்.

ஒரு கல்யாணத்தில் அம்மி வந்து சேரவில்லை. வாடகை அம்மி வேறொரு மண்டபத்துக்கு வேனேறிப் போய்விட்டது. மூவார் மரச்சாமான் ஊர். நாட்டிலிருந்து கப்பலேறும் கட்டில், மேசைகளில் கணிசமான பங்கு இங்கே செய்வதுதான். பெண்ணின் தம்பி அப்படியொரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். ஓடிப்போய் இழைத்த மரக்கட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். குருக்கள் தயங்கி மாமாவைப் பார்த்தார். மாமா குனிந்து விரல் மடக்கித் தட்டினார்.

"என்ன மரம்?"

"ரப்பர் மரம், மாமா. பால் வத்தினதும் வெட்டி இப்படிச் செய்யறாங்க."

மாமா கொஞ்ச நேரம் அந்தக் கட்டையையே பார்த்தார். பிறகு பெண்ணிடம், "உங்க பாட்டி பொழுது விடியறதுக்குள்ள முந்நூறு மரம் வெட்டினவ. கல்லுக்கு இருக்கிற உறுதி இதுக்கும் இருக்கு. மிதிம்மா" என்றார். அதற்கடுத்த கல்யாணத்தில் கல் அம்மி ஒழுங்காக வந்து சேர்ந்தது. "மரம் இல்லையா? எங்க ஊர் முறை அதுதானே?" என்று அதிலும் குறை கண்டார்.

அம்மி முடிந்தால் அருந்ததி. காலை ஒன்பது மணிக்கு, குளிர்சாதன மண்டபத்துக்குள், மேலே போலிக் கூரை. மாமா ஏர்கண்டுக்குப் பக்கத்தில் விரலை நீட்டுவார், பிள்ளைகள் தெரிகிறது என்பார்கள். துருவ நட்சத்திரத்தைப் பார்க்கச் சொல்லும் குருக்கள் வந்தால்தான் சிக்கல். மூவார் பூமத்திய ரேகைக்கு இரண்டு டிகிரி வடக்கே இருக்கிறது. ஆகவே இங்கே நடு ராத்திரியிலும் துருவன் தொடுவானத்துக்கு இரண்டு டிகிரி மேலேதான் நிற்பான், செம்பனை மரம் ஒன்று நின்றால் மறைந்துபோவான். "வடக்குப் பக்கம் கும்பிட்டுக்குங்க. அவன் நம்மைப் பார்ப்பான்" என்பது மாமாவின் வானசாஸ்திரம்.

இப்படியே எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறவர் எதற்கு என்று கேட்கலாம். விட்டுக்கொடுக்கத்தான். திருச்சி, சேலம், வட ஆற்காடு, தஞ்சாவூர் என்று பல ஜில்லாக்காரர்களைக் கொண்டுவந்து ஒரே லயத்தில் போட்டார்கள். ஒரு வீட்டில் தாய்மாமன் கட்டும் பட்டத்தை இன்னொரு வீட்டில் மைத்துனன் கட்டினான். யார் முறை சரி என்று சண்டை வந்தால் தோட்டத்தில் ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. அவர் சொன்னது அடுத்த தலைமுறைக்குப் பரம்பரை வழக்கம். தோட்டம் செம்பனையாகி, லயம் கலைந்து, ஜனம் தாமானுக்கு வந்த பிறகும் அந்த நாற்காலி மட்டும் காலியாகவில்லை. வீட்டுக்கு வீடு யூடியூபில் முறை பார்க்கிறார்கள். அதில் எல்லா விதியும் இருக்கிறது. "பரவாயில்லை, இப்படிச் செய்துக்கோ" என்று சொல்ல அதில் ஆள் இல்லை. அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் பிள்ளைகள் விதியைப் பார்த்துப் பயந்தே சடங்கைக் கைகழுவியிருப்பார்கள்.

அண்மையில் ஜொகூர் பாருவிலிருந்து ஈவென்ட் பிளானர் என்று ஒரு பெண் வந்தாள். காதில் ஹெட்செட், கையில் நிகழ்ச்சிப் பட்டியல், நிமிஷம் பிசகாமல். மாமாவை "அங்கிள்" என்றாள். முதல் அடி அது. பட்டியலை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். 7.40 மாப்பிள்ளை அழைப்பு. 8.05 மாலை மாற்றுதல். 8.30 முகூர்த்தம். 8.45 முதல் 9.00 வரை, மாமா கோபம்.

"இது என்னம்மா?"

"அனுபவத்துல போட்டது, அங்கிள். ஒவ்வொரு கல்யாணத்திலயும் இதுக்குத்தான் லேட்டாகுது."

பெண்ணின் அப்பா தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டார். மாமா பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். "தாலி ஏறின பிறகு கோபிக்கக் கூடாதும்மா, அபசகுனம். ஏழரைக்குப் போடு. ஏழு இருபத்தஞ்சுக்கு ஒரு தே ஓ வைக்கச் சொல்லு."

பட்டியல் மாறியது. ஏழரைக்கு எல்லாரும் மரியாதையாகச் சுற்றி நின்றார்கள். பாவம், அன்றைக்குப் பார்த்துக் கோபிக்க ஒன்றும் அகப்படவில்லை. கோலம் சரியாக இருந்தது, குத்துவிளக்கில் ஐந்து முகமும் எரிந்தன, தட்டு வரிசை இருபத்தொன்று. மாமா பரிதவித்துப்போய்த் தே ஓவை எடுத்து ஒரு மிடறு குடித்தார். முகம் மலர்ந்தது. "மங்கல நாள்ல சீனி இல்லாத தண்ணியா? யாருய்யா கலக்கினது?"

கோபம் கால் மணி நேரத்தில் கச்சிதமாக முடிந்து, முகூர்த்தம் நேரத்துக்கு நடந்தது. இப்போது ஊரில் எந்தக் கல்யாணமானாலும் மாமாவுக்குச் சீனி போடாத தே ஓ ஒன்று தவறாமல் வைக்கிறார்கள். எதற்கு என்று கேட்ட ஒரு பையனுக்குச் சமையல்கட்டு அம்மா சொன்ன பதில், "அது அந்தக் காலத்திலிருந்தே முறைடா."