பயற்றுக்காகப் பிறந்த கலம்

கேள்வி: இறைச்சி சமைக்காத வீட்டுக்கு ஸ்லோ குக்கர் வாங்குவது பயன் தருமா?

பதில்: குறைந்த மின்சூட்டில் பல மணிநேரம் உணவை வேகவைக்கும் கலமாகிய ஸ்லோ குக்கர் இறைச்சிக்கே உரியதென்று கருதப்பட்டாலும், அமெரிக்காவில் இர்விங் நாக்ஸன் 1940இல் காப்புரிமை பெற்ற அதன் மூலவடிவம், பின்னர் ‘பீனரி’, அதாவது அவரைவிதை வேகவைக்கும் கலம், என்னும் பெயராலேயே விற்கப்பட்டதாகலின், சைவ உணவினர் அதற்கு விருந்தாளிகள் அல்லர், பிறந்த வீட்டார்.

இறைச்சித் தசைகளைப் பிணைக்கும் கொலாஜன் என்னும் புரதம் மென்மையான ஜெலட்டினாக மாற நெடுநேரம் வேண்டும். காய்கறியில் அப்புரதமே இல்லாததால், கத்தரியும் வெண்டையும் எட்டு மணிநேரம் கிடந்தால் தம் அடையாளத்தை இழப்பதன்றி வேறு பயன் பெறுவதில்லை. கொண்டைக்கடலை, முழு உளுந்து, பார்லி ஆகியவையே அக்கலத்தின் உண்மையான உறவினர். ஆயினும் ராஜ்மாவில் உள்ள பைட்டோஹீமக்ளுட்டினின் என்னும் நச்சுப்புரதம் குறைந்த சூட்டில் அழியாது எஞ்சிக் கடும் வாந்தியை உண்டாக்கக்கூடுமாதலால், ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் அடுப்பின்மேல் குறைந்தது 10 நிமிடம் நன்கு கொதிக்கவைத்த பின்னரே அதைக் கலத்தில் இடவேண்டும் என்பது சிறிதும் தளர்த்தக்கூடாத விதி.

பிரஷர் குக்கர் ஏற்கெனவே உள்ள வீட்டில், காலையில் பயற்றை இட்டுச் சென்று மாலையில் சுடச்சுட உண்ண விரும்புவோர்க்கு மட்டுமே ஸ்லோ குக்கர் வாங்கத்தக்கது.