பழைய சந்நிதிக்கு வழி

கேள்வி: வேர்ட்பிரஸ்.காமில் நுழைந்தால் புதிய நிர்வாகப் பக்கமே எதிரில் வந்து நிற்கிறது. பழைய நிர்வாகப் பலகையை அடைய மார்க்கம் உண்டா?

பதில்: உண்டு. 2003ஆம் ஆண்டில் மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் தொடங்கிய வேர்ட்பிரஸ் மென்பொருளின் நிர்வாகப் பகுதி பிஎச்பி மொழியில் இயங்கிவர, 2015 நவம்பரில் 'கலிப்ஸோ' என்னும் நாமதேயத்துடன் ஜாவாஸ்கிரிப்டில் எழுந்த புதுமுகப்பு வேர்ட்பிரஸ்.காமை அலங்கரித்ததேயாயினும், மூலஸ்தானத்தை இடிக்காமல் முன்னால் புதுக்கோபுரம் எழுப்பியதைப் போலப் பழைய பலகையும் பின்னாலேயே இருந்துவந்தது. ஆகவே, பொத்தான் பொத்தானாகப் பிரதட்சிணம் செய்து களைப்பதை விடுத்து, தங்கள் தள முகவரியின் இறுதியில் ஒரு சாய்கோடிட்டு, 'டபிள்யூபி-அட்மின்' என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், இடைவெளி விடாமல், நடுவே சிறுகோட்டுடன் தட்டி, கேட்கப்படின் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் சமர்ப்பித்தால், இடப்புறத்தில் பதிவுகள், ஊடகம், பக்கங்கள், பின்னூட்டங்கள் என்ற பழைய வரிசையுடன் அப்பலகை பிரசன்னமாகும். அந்த முகவரியை உலாவியில் புத்தகக்குறியாகச் சேமித்துக்கொள்வது உத்தமம். பதிவு எழுதாமலிருப்பதற்குத் தங்களுக்கு வாய்த்திருந்த ஒரே கௌரவமான சாக்கு இத்துடன் பறிபோனதற்கு மட்டும் அடியேன் பொறுப்பாளியல்லன்.