கப்பலுக்கு ஏது கால்?

கேள்வி: சக்கர நாற்காலியில் இருக்கும் என் அம்மாவுக்குக் கரீபியன் கடலில் சொகுசுக் கப்பல் பயணம் போக ஆசை. அழைத்துப் போகலாமா?

பதில்: தாராளமாக! கால் இல்லாத கப்பலே உலகம் சுற்றுகிறது, அம்மா சுற்றக்கூடாதா? அறையில் மட்டும் கவனம். சாதாரண அறைக் கதவு பல கப்பல்களில் நாற்காலி நுழையாத குறுகல். அகலக் கதவும் படியில்லாக் குளியலறையும் உள்ள அறைகள் சிலவே; முதலில் அதைப் பிடியுங்கள், தேதியைப் பிறகு பாருங்கள்.

அடுத்து, கப்பல் எந்தத் தீவுகளில் நிற்கிறது என்று பாருங்கள். கோசுமெல் தீவில் கப்பல் துறைமேடையை ஒட்டி நிற்கும், உருட்டிக்கொண்டே இறங்கலாம். கிராண்ட் கேமன் தீவில் கரைக்கு அப்பால் நிறுத்திச் சிறு படகில் இறக்குவார்கள்; அலை அடித்தால் நாற்காலியை ஏற்ற மறுப்பதும் உண்டு.

சட்டமும் துணைக்கு உண்டு: அமெரிக்கக் கடற்பரப்பில் வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களுக்கும் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொருந்தும் என்று 2005-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்குப் போட்டவர்கள் மாற்றுத்திறனாளிப் பயணிகளே. அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்!