ஆண்டாப் ஹில்லின் இரு நம்பிக்கைகள்

மும்பையின் வடாலாவுக்கும் சயான் கோலிவாடாவுக்கும் இடையே அமைந்த ஆண்டாப் ஹில்லில், மத்திய அரசு ஊழியர்களுக்காகக் கட்டப்பட்டு செக்டர் எண்களால் அறியப்படும் குடியிருப்பில் வாழும், ஐம்பது வயதைக் கடந்த நெல்லைச் சீமைக் குடும்பத்தலைவரின் சமய வாழ்வை ஆராயப் புகுவோர், அவருடைய பூஜை அலமாரியைவிட அவர் வீட்டுத் தண்ணீர்க் குழாயை முதலில் கவனிப்பது நல்லது. சூரிய உதயத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு முன் தொடங்குவதாகிய பிரம்ம முகூர்த்தம் சாத்திரப்படி எல்லோருக்கும் பொது என்றாலும், தண்ணீர் எப்போது வருகிறதோ அப்போதுதான் இங்கே குளியலும் விளக்கேற்றுதலும் நடைபெறுவதால், மாநகராட்சி வால்வைத் திறப்பவரே நடைமுறையில் அந்த முகூர்த்தத்தைக் குறித்துக்கொடுக்கிறார்.

தெய்வங்களுக்கும் அவர்களுக்குரிய போக்குவரத்து வசதியை ஒட்டியே வழிபாடு அமைகிறது. மாதுங்காவில் 1923இல் தொடங்கப்பட்ட ஆஸ்திக சமாஜத்தின் கோயிலுக்குப் போனால், பக்கத்துப் பூக்கடைத் தெருவில் மல்லிகைச் சரமும் வெற்றிலையும் நேந்திரம்பழமும் வாங்கிக்கொண்டு திரும்பலாம் என்பதால், அங்கே பக்தி தடையின்றிப் பெருகுகிறது. செம்பூர் செட்டா நகர் முருகனோ மலைக்கோயில் போலவே 108 படிகளுக்கு மேல் எழுந்தருளியிருக்கிறார். நாற்பது வயதில், மகன் பத்தாம் வகுப்புத் தேறினால் படியேறி வருவதாக நேர்ந்துகொண்டவர், மகன் தேறிய காலத்தில் தம் மூட்டு தேறவில்லை என்பதைக் கண்டு, அந்த நேர்த்திக்கடனை, அதாவது வேண்டுதல் பலித்ததும் தெய்வத்துக்குச் செலுத்த வேண்டிய பாக்கியை, அலுவலகப் பி.எஃப். கடனைப் போலத் தவணைகளாக்க முடியுமா என்று யோசிக்கிறார். 2019 மார்ச்சில் ஆண்டாப் ஹில்லுக்கு மோனோ ரயில் வந்தபோது செம்பூர் முருகன் மிக அருகில் வந்துவிட்டதாகப் பேசிக்கொண்டவர்கள், 2025 செப்டம்பரில் அந்தச் சேவை நிறுத்திவைக்கப்பட்டதும், மனத்தில் நினைத்தாலே போதும் என்ற பழைய வேதாந்தத்துக்குத் திரும்பினார்கள்.

இத்தகைய சமரசங்களுக்கு இடம் கொடாதது குலதெய்வம் ஒன்றே. நெல்லை வட்டாரத்துக் குடும்பங்கள் பல, பங்குனி உத்திரத்தன்று தத்தம் குலத்துக்குரிய சாஸ்தா கோயிலில் கூடி, பொங்கலிட்டு வழிபடுவது மரபு. பங்குனி என்பது மார்ச் நடுவில் தொடங்கி ஏப்ரல் நடுவில் முடிவதாகவும், மத்திய அரசின் நிதியாண்டு மார்ச் 31 அன்று முடிவதாகவும், பிள்ளைகளின் தேர்வுகளும் இதே காலத்தில் வருவதாகவும் அமைந்திருப்பது தற்செயல்தான் என்று கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் எந்த நெல்லைக்காரரும் நம்புவதில்லை. 2024இல் பங்குனி உத்திரமும் ஹோலியும் மார்ச் 25 அன்றே சேர்ந்து விழுந்தன. கோயில் வரி கட்டுவோர் பட்டியலில் அண்ணன் தம்பிகள் பெயரெல்லாம் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், பங்காளி ஒருவர் ஆண்டாப் ஹில்லில் பக்கத்து வீட்டுப் பையன் பூசிய பச்சைச் சாயத்தைக் காதுமடலிலிருந்து கழுவிக்கொண்டிருந்திருக்கக்கூடும் என்பது ஆய்வாளரின் ஊகம்.

எனினும் சாஸ்தாவையும் முருகனையும் விடப் பலமான இன்னொரு நம்பிக்கை இவர்களிடம் உண்டு. ரிட்டயர் ஆனதும் ஊருக்குப் போய்விடுவது என்பதே அது. எல்.டி.சி. எனப்படும் விடுப்புப் பயணச் சலுகைக்காக, சொந்த ஊர் எது என்பதை ஊழியர் எழுதிக்கொடுக்க, அது பணிப்பதிவேட்டில் ஏறுகிறது. ஒருமுறை ஏறியபின், பணிக்காலம் முழுவதிலும் அதை ஒரேயொரு தடவைதான் மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. இத்தனை கறாரைக் குலதெய்வமே காட்டியதில்லை. ஆகவே அம்பாசமுத்திரம் என்றோ வள்ளியூர் என்றோ இருபத்தைந்து வயதில் நிரப்பிய ஒரு படிவம், முப்பது ஆண்டுகளுக்குப் பின் வேதவாக்காகிவிடுகிறது. மைத்துனர் மூலம் வாங்கிப்போட்ட ஐந்து சென்ட் மனையின் பட்டா நகல், பீரோவில் நகைக்கு மேல்தட்டில் வைக்கப்படுகிறது. 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டபோது, ஊரைப் பற்றித் திட்டமிடும் இன்பத்தில் சரிபாதியைப் பறித்துவிட்டார்கள் என்றே இவர்கள் வருந்தினார்கள்.

எந்தச் சமயத்திலும் போல இதிலும் ஒரு பகுத்தறிவாளர் இருக்கிறார். அவர் பெரும்பாலும் மனைவியே. சங்கராந்தியை ஒட்டிய ஹல்தி குங்குவில், அதாவது சுமங்கலிகளை அழைத்து மஞ்சள் குங்குமமும் எள்ளுருண்டையும் தரும் மராத்திய வழக்கத்தில், மாடிக்கு மாடி ஏறி இறங்கிப் பழகிய அவர், மே மாத மொட்டை மாடியில் தம் வடகத்துக்குப் பக்கத்தில் காயும் அண்டைவீட்டு அப்பளத்தையும் சேர்த்துக் காகம் ஓட்டுபவர். “அங்க போயி யாரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காரச் சொல்லுதிய?” என்று அவர் கேட்கும் கேள்விக்கு, கணவர்களின் தரப்பிலிருந்து, காற்று நன்றாக வரும் என்பதற்கு மேற்பட்ட பதில் இதுவரை வந்ததில்லை. உண்மையில் சலுகையில் ஊருக்குப் போகும் கணவர், நான்காம் நாளே, இரவு எட்டு மணிக்குத் தெரு அடங்கிவிடுகிறதே என்று குறைப்படத் தொடங்கி, தாதரில் இறங்கியவுடன் எவரும் கேட்காமலே ஒரு வடாபாவ் தின்கிறார்.

அறுபதில் ஓய்வு வரும்போது குடியிருப்பைச் சில மாதங்களுக்குள் காலி செய்தாக வேண்டும் என்பதால், கொள்கை சோதனைக்கு உள்ளாகிறது. அப்போது பலர் மூட்டை கட்டுவது அம்பாசமுத்திரத்துக்கு அன்று, டோம்பிவலிக்கு. பையன் கல்யாணம் முடியட்டும், பேத்தி பள்ளிக்கூடம் சேரட்டும் என்று காரணங்கள் கூறப்பட்டாலும், கணவர் தம் நம்பிக்கையைக் கைவிட்டுவிட்டதாகக் கொள்வது பிழையாகும். தெற்கே போகும் ரயில்கள் கல்யாணில் நிற்கின்றன. டோம்பிவலியிலிருந்து கல்யாண் இரண்டே ஸ்டேஷன். எனவே ஊரை நோக்கிய பயணத்தில் முதல் கட்டம் முடிந்துவிட்டது என்று அவர் விளக்க, மனைவி புது வீட்டில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கீழ்வீட்டில் கேட்டுவரப் போகிறார்.