கவசத்தில் ஓர் ஓட்டை

ஜீப்புக்கு 5டபிள்யூ-30 ஆயில் நல்லதா, 15டபிள்யூ-40 நல்லதா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முழங்கை வரை ஆயில் பிசுக்கு இன்னும் போகாததால், முதலில் ஸ்கிட் பிளேட்டைப் பற்றி இரண்டு வார்த்தை.

உங்களுக்கும் தெரிந்ததுதான். வண்டி வந்த கையோடு அடிவயிற்றில் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஏறிவிடும். பாறையில் இடித்து ஆயில் சேம்பர் உடைந்துவிடக் கூடாதாம். நம் வண்டி இதுவரை ஏறிய பெரிய பாறை, சிங்காநல்லூர் உழவர் சந்தைக்குப் போகிற வழியில் இருக்கும் வேகத்தடை.

தகட்டைக் கழற்றாமலே ஆயில் மாற்ற வசதியாக, டிரெயின் போல்ட்டுக்குக் கீழே ஓர் ஓட்டை போட்டுத் தருகிறார்கள். போட்ட புண்ணியவான் சூடான ஆயில் இறங்குவதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். போல்ட் இருப்பது சேம்பரின் பக்கவாட்டில். எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டால்தான் அழுக்கோடு ஆயில் இறங்கும். அப்படிச் சூடேற்றிக் கழற்றினால், அது ஓட்டையைத் தாண்டிப் பாய்ந்து தகட்டில் விழுகிறது. பாதி காலியானதும் வேகம் தணிந்து, கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓட்டை வழியே சட்டிக்குள் இறங்கும். 'அப்பாடா' என்பதற்குள் தளர்ந்து, சேம்பர் சுவரோடு வழிந்து, ஓட்டைக்கு இந்தப் பக்கம் மறுபடி தகட்டில். ஆக, அந்த ஓட்டை ஆயிலின் நடுவயதுக்கு மட்டும். இளமையும் முதுமையும் இரும்பின் மேல்தான்.

போல்ட்டாவது ஓட்டையில் விழுமா? கை சுட்டு நழுவவிட்டால், தகட்டின் மேலேயே உருண்டு, விரல் எட்டாத மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் வாஷர் மட்டும் குறி தப்பாமல் ஓட்டை வழியே கறுப்பு ஆயிலுக்குள் முங்கும். ஓட்டையைப் பெரிதாகப் போட்டால் என்னவாம்? கல் புகுந்துவிடும் என்றார் விற்றவர். கல் இப்போதும் புகுகிறது. என் கைதான் புகவில்லை. ஃபில்டருக்கோ அந்த ஓட்டையும் கிடையாது. காலண்டர் அட்டையை மடித்து வாய்க்கால் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். ஊறித் தொங்கி, சட்டியைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் பாசனம் செய்தது.

"ஏனுங், தகட்டையே கழட்டிப்போட்டுச் செய்யலாமுல்லங்க?" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன், காபி டம்ளரோடு. செய்யலாம். போல்ட்டுகளெல்லாம் துருப்பிடித்து, 13 நம்பர் ஸ்பேனரையே வழுக்கிவிடுகின்றன. கடைசிப் போல்ட் விட்டதும் தகடு நம் நெஞ்சில்தான் இறங்கும். கூடவே, குழாய் போடத் தோண்டிய நம் தெருவின் மண் மொத்தமும்.

பனியன் வேஸ்ட்டால் எட்டியவரை துடைத்தாயிற்று. எட்டாத இடத்தில் நின்ற ஆயில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் சொட்டுகிறது. சிக்னலில் பைக் பையன்கள் கண்ணாடியைத் தட்டி, "அண்ணா, வண்டில ஆயில் ஒழுகுதுங்ணா" என்கிறார்கள். இது ஒழுகல் இல்லை தம்பி, சர்வீஸ். பச்சை விளக்கு விழுவதற்குள் இதை எவனுக்கு விளக்குவது?