பெஞ்சியல்

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணிக்குப் பதினொருவர் களமிறங்குவர். தாக்கும் அணியில் அவர்களுள் தலையாயவர் குவார்ட்டர்பேக். ஓடுவதோ எறிவதோ எல்லாம் பந்து அவர் கைக்கு வந்த பிறகே. அவரைப் புகழ்ந்து நூல்கள் மலிந்துள்ளன. அவர் அடிபட்டு விழுந்தால் ஆடுவதற்கென்று சம்பளம் வாங்கிக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பவரைத்தான் அறிஞர் உலகம் கவனிக்கவில்லை. அக்குறை இங்கே நீக்கப்படுகிறது.

இத்துறையின் முதல்வர் சேஸ் டேனியல். மிசௌரி பல்கலைக்கழகத்துக்கு ஆடியபோது, 2007இல் கல்லூரி ஆட்டக்காரர்களின் உச்ச விருதான ஹைஸ்மனுக்கான வாக்கெடுப்பில் 4ஆம் இடம் பெற்றவர். ஆடத் தெரியாமல் உட்கார்ந்தவர் அல்லர் என்பதற்காக இது சொல்லப்பட்டது. 2009 முதல் 2022 வரை 14 சீசன்கள் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.இல் நீடித்தார். அந்த ஆண்டுகளில் ஓர் அணிக்கு வாய்த்த லீக் ஆட்டங்கள் 226. அவர் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியவை 5. ஈட்டியது 4 கோடி டாலருக்கு மேல். ஓர் ஆட்டத்துக்கு 80 லட்சம் டாலர் என்று வகுத்துக் காட்டுவோர் உளர். அவர்கள் கணக்குத் தெரியாதவர்கள். கூலி அந்த 5க்கு அன்று; மற்ற 221க்கு.

முதல் விதி, இடமறிதல். எளிதில் அடிபடாதவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். டேனியல் நியூ ஆர்லியன்ஸில் ட்ரூ ப்ரீஸுக்குப் பின்னால் நின்றார். 2010 முதல் 2012 வரை மூன்று சீசன்களிலும் ப்ரீஸ் ஓர் ஆட்டத்தையும் தவறவிடவில்லை. இத்தகைய முதலாளி அமைவது பூர்வபுண்ணியம்.

இரண்டாம் விதி, தொழில் செய்தல். சும்மா இருப்பதாக நினைப்பது பாமரர் மயக்கம். பயிற்சி நாள்களில் தன் அணியின் தடுப்பாட்டக்காரர்கள் பழகிக்கொள்வதற்காக, அடுத்து எதிர்க்கவிருக்கும் அணியின் குவார்ட்டர்பேக்காக அவர் நடிக்க வேண்டும். ஆட்டத்தன்று ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எதிரணி நின்ற நிலைகளின் படங்களைப் பார்த்து, களத்திலிருந்து திரும்புபவருக்குச் சொல்ல வேண்டும். ஆக, வாரம் முழுக்க இன்னொருவராக ஆடுகிறார். ஞாயிறன்று எவராகவும் ஆடுவதில்லை. மாப்பிள்ளைத் தோழனைப் போல முழு அலங்காரத்தில் பக்கத்திலேயே நிற்கலாம். தாலியைக் கையில் வாங்கிவிடக் கூடாது.

மூன்றாம் விதி, அடக்கம். இதைக் கற்க பிலடெல்பியாவுக்குப் போக வேண்டும். 2016இல் அங்குள்ள ஈகிள்ஸ் அணி மூன்றாண்டுக்கு 2 கோடியே 10 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டு டேனியலை அழைத்தது. அந்த சீசன் முழுவதிலும் அவர் பந்தை எறிந்தது ஒரே முறை. அதுவும் உரியவர் கையில் சேர்ந்தது. துல்லியம் 100 சதவீதம். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? 2017 மார்ச்சில் அவரை விடுவித்துவிட்டு நிக் ஃபோல்ஸை அமர்த்தினார்கள்.

ஃபோல்ஸ் விதியை மீறினார். டிசம்பரில் அணியின் முதன்மைக் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸுக்கு முழங்கால் போனது. ஃபோல்ஸ் இறங்கினார், இறங்கியவர் அடங்கவில்லை. 2018 பிப்ரவரி 4 அன்று லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் நியூ இங்கிலாந்து அணியை 41-33 என வீழ்த்தி, ஆட்ட நாயகனும் ஆனார். மைதானத்துக்கு வெளியே பயிற்சியாளரோடு அவருக்குச் சிலை வைத்தார்கள். வினைப்பயன் 2019இல் வந்தது. ஜாக்சன்வில் அணி நான்காண்டுக்கு 8 கோடியே 80 லட்சம் டாலர் பேசி அவரை முதன்மை ஆட்டக்காரராக்கியது. முதல் ஆட்டத்தின் முதல் கால் பகுதியிலேயே அவர் காறை எலும்பு முறிந்தது. டேனியலுக்குச் சிலை கிடையாது, முறிவும் கிடையாது.

ஆடாதவனுக்கு இவ்வளவு கூலி தகுமோ எனின், தகும். 2020 நவம்பர் 29 அன்று கோவிட் விதிகளால் டென்வர் அணியின் குவார்ட்டர்பேக்குகள் அனைவரும் விலக்கப்பட்டனர். பந்தைப் பிடிக்கப் பழகிவந்த கெண்டல் ஹின்டனை எறியச் சொன்னார்கள். அவர் கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடியிருந்தவர்தான். 9 முறை எறிந்தார். சொந்த அணியினர் பிடித்தது 1. எதிரணியினர் பிடித்தவை 2. முடிவு 31-3 எனத் தோல்வி. அப்படியொரு ஞாயிற்றுக்கிழமையை எண்ணி உரிமையாளர்களுக்கு வரும் பயம் இருக்கிறதே, அதன் சந்தை விலைதான் அந்த 4 கோடி. பயந்தது நடக்காதவரை விலை இறங்குவதில்லை. ரிசர்வ் ஆட்டக்காரர் களமிறங்கினால்தான் அவருடைய உண்மையான தரம் தெரியும். தெரிந்த தரத்துக்கு யாரும் பயந்து காசு கொடுப்பதில்லை.

ஓய்வுக்குப் பிறகு டேனியல் தொலைக்காட்சியில் ஆட்ட நுணுக்கம் விளக்குபவரானார். பந்தை எந்த நொடியில் விட்டிருக்க வேண்டும், எவன் தனியாக நின்றான் என்றெல்லாம் மற்ற குவார்ட்டர்பேக்குகளுக்குச் சொல்கிறார். இதில் நகைக்க ஒன்றுமில்லை. அவர் பதினான்கு ஆண்டுகள் நின்றபடி முழு ஆட்டத்தையும் பார்த்தவர். நான்கு பேருக்கு அடியில் கிடந்தவர்களுக்கு அதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை.